ஒயர் போகும் வழிக்கு ஒரு காப்புரிமை

ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தால் கம்ப்ரசர், காற்றாடி, செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் சேர்ந்த கண்டன்சர் ஆகியவை முதலில் கண்ணில் படும். விளம்பரங்கள் பேசுவதும் இவற்றைத்தான். இவற்றுக்கு நடுவே ஓடும் ஒயர்களை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் பார்த்தால், இந்த ஒயர்கள் எந்தத் திறப்பின் வழியே நுழைய வேண்டும், எந்தக் கொக்கியில் தொங்க வேண்டும், எந்த இடத்தில் வளைய வேண்டும் என்பதை மட்டுமே பொருளாகக் கொண்ட விண்ணப்பங்கள் நிறைய கிடைக்கும். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. எஃப்24எஃப் 1/20 என்ற எண் அவுட்டோர் யூனிட்டின் மின் உறுப்புகளுக்கு உரியது. அதன் கீழ் வரும் 1/22, அந்த உறுப்புகளை எங்கே, எப்படி அமைப்பது என்பதற்கு.

ஒரு ஒயரை இப்படி வளைத்தேன் என்று சொல்பவருக்கு 20 ஆண்டுத் தனியுரிமை கொடுக்கலாமா? மெக்கானிக் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய வேலைதானே இது? நியாயமான சந்தேகம்தான். ஆனால் காப்புரிமை ஆய்வாளர் விஷயம் சிறியதா பெரியதா என்று அளப்பதில்லை. தொழில் தெரிந்த ஒரு சாதாரண ஆள், இந்தச் சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தீர்வுக்கு இயல்பாகவே வந்து சேர்ந்திருப்பாரா என்பதே அவருடைய கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை இந்தச் சின்ன ஒயரை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பெட்டிக்குள் இருக்கும் பகைகள்

அவுட்டோர் யூனிட்டின் உள்ளே செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு நிற்கிறது. அதன் ஒரு பக்கம் காற்றாடியும் அதன் மோட்டாரும், மறுபக்கம் கம்ப்ரசரும் வால்வுகளும். பொதுவாகத் தடுப்புத் தகட்டின் மேல்பகுதியில் மின்பெட்டி உட்கார்ந்திருக்கும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் அதற்குள்தான் விலை கூடிய பிசிபி போர்டு இருக்கிறது. மோட்டாரிலிருந்தும், கம்ப்ரசரிலிருந்தும், வெப்பத்தை அளக்கும் சென்சார்களிலிருந்தும், வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டிலிருந்தும் வரும் ஒயர்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

போகிற வழியில் ஒயருக்குப் பகைகள் பல. முதல் பகை தகட்டின் விளிம்பு. அச்சில் வெட்டிய இரும்புத் தகட்டின் ஓரத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பிசிறுகள் இருக்கும். அதன்மேல் ஒயர் படிந்துகிடந்தால் மட்டும் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் பெட்டி அதிர்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த விளிம்பு ஒயரின் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவும். ஒருநாள் உள்ளிருக்கும் செம்பு வெளியே வந்து தகட்டைத் தொடும்.

இரண்டாவது பகை வெப்பம். கம்ப்ரசரிலிருந்து அழுத்தப்பட்ட வாயுவைக் கொண்டு போகும் குழாய், கோடை நடுப்பகலில் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகலாம். சாதாரண பிவிசி உறை அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் இறுகி வெடித்துவிடும். மூன்றாவது, சுழலும் காற்றாடி. தொய்ந்து விழுந்த ஒயர் அதன் இறக்கையில் பட்டால் நொடியில் அறுந்துபோகும்.

நான்காவது பகை தண்ணீர். காற்றாடி இருக்கும் பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடப்பதால் மழை அங்கே தாராளமாக நுழையும். ஒயரின்மேல் விழுந்த துளி அந்த ஒயரையே பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடும். ஒயர் மின்பெட்டியை நோக்கிச் சரிந்து போனால் துளியும் அங்கேயே போகும். அதனால்தான் வீட்டுக்குள் கேபிள் இழுக்கும் எந்த எலக்ட்ரீஷியனும் சுவர்த் துளைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றுகிறார். அந்தத் தொங்கலின் அடிப்புள்ளியில் தண்ணீர் சொட்டிவிடும்.

ஐந்தாவது பகை கண்ணுக்குத் தெரியாதது. இன்வெர்ட்டர், கம்ப்ரசருக்கு அனுப்பும் மின்னழுத்தத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. அந்தக் கம்பிகளுக்கு ஒட்டி இணையாகச் சென்சார் ஒயர் ஓடினால், அதில் ஓடும் ஒருசில வோல்ட் சமிக்ஞையில் அந்தத் துடிப்பும் கலந்துவிடும். குழாயின் வெப்பம் உண்மையில் எவ்வளவு என்பது போர்டுக்குச் சரியாகத் தெரியாமல் போகும். இரண்டையும் விலக்கி வைக்க வேண்டும். குறுக்கே போக நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கவிட வேண்டும்.

இப்போது ஆறாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைவிட 2088 மடங்கு வலிமை கொண்ட ஆர்410ஏ வாயுவை விட்டு, 675 என்ற மதிப்புள்ள ஆர்32 வாயுவுக்கு உலகம் மாறிவருகிறது. அதையும் தாண்டி, புரோப்பேன் ஆகிய ஆர்290 வாயுவுக்கும் சில நிறுவனங்கள் போயிருக்கின்றன. ஆர்32 மெல்ல எரியக்கூடியது. ஆர்290 நன்றாகவே எரியக்கூடியது. கசிந்த வாயு மின்பெட்டிக்குள் போகாமல் தடுக்க வேண்டும் என்றால், ஒயர் நுழையும் ஒவ்வொரு திறப்பும் புதிய கணக்காகிவிடுகிறது.

ஒன்றைத் தீர்க்கப்போனால் இன்னொன்று கெடும் என்பதே இதில் சிரமம். சூட்டிலிருந்து விலக்கினால் ஒயர் காற்றாடியை நெருங்கும். தண்ணீருக்காகத் தொங்கவிட்டால் அதிர்வில் ஆடும். திறப்பை அடைத்தால் பழுது பார்க்கும்போது போர்டைக் கழற்ற முடியாது. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி இந்த வேலையை முடிக்கக் கிடைப்பதோ சில நொடிகள்தான். இத்தனைக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடிப்பவர் உண்மையிலேயே மூளையைச் செலவழித்திருக்கிறார்.

ஆய்வாளர் மேசையில்

காற்றைக் குளிர்விக்கும் கருவிகளுக்கும் காப்புரிமைக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவின் முதல் காப்புரிமை விண்ணப்பமே காற்று வீசும் ஒரு கருவிக்குத்தான். 1856 மார்ச் 3 அன்று கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர், கூரையில் தொங்கும் பங்காவை இழுக்கும் இயந்திரத்துக்காக விண்ணப்பித்தார். அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் 1904இல் விண்ணப்பித்து, 1906 ஜனவரி 2 அன்று பெற்ற 8,08,897ஆம் எண் காப்புரிமை, இன்றைய ஏசியின் மூதாதைகளில் ஒன்று. டிபென்னிங் தொடங்கிய அந்த வரிசையில்தான் இன்றைய ஒயர் விண்ணப்பமும் வந்து நிற்கிறது.

விளக்கத்துக்காக நாமே ஒரு விண்ணப்பத்தை அமைத்துக்கொள்வோம். தடுப்புத் தகட்டின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. அந்த வெட்டிலிருந்த தகட்டையே பிய்த்தெறியாமல், காற்றாடிப் பக்கமாக வளைத்து, ஒரு நாக்குப் போல நீட்டி, அதன் நுனியைக் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறார்கள். நுனியில் ஒரு பிளவு. மோட்டாரிலிருந்து வரும் ஒயர் மேலே ஒரு கொக்கியில் ஏறி, அங்கிருந்து இறங்கி, பிளவுக்குள் கீழிருந்து நுழைந்து, நாக்கின் முதுகில் ஏறி, வெட்டைக் கடந்து மின்பெட்டிக்குள் போகிறது. ஒயர் தொடுவது நாக்கின் உருண்ட வளைவை. கூரான விளிம்பை அல்ல. ஆகவே விளிம்பை மூடும் ரப்பர் புஷ் தேவையில்லை. ஒயர் பிளவுக்குக் கீழே தொங்கியாக வேண்டும் என்பதால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பொருத்துபவர் மறந்தாலும் அந்தத் தொங்கல் தானாக அமையும்.

ஆய்வாளர் முதலில் தேடுகிறார். 1971இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, காப்புரிமை ஆவணங்கள் எல்லாம் எட்டுப் பெரும் பிரிவுகளிலும் அவற்றின் ஆயிரக்கணக்கான கிளைகளிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஃப்24எஃப் 1/22 மட்டும் பார்த்தால் போதாது. மின்கம்பிகளைப் பதிக்கும் எச்02ஜி பிரிவையும், மின்னணுக் கருவிகளின் கூடுகளைப் பற்றிய எச்05கே பிரிவையும் துழாவ வேண்டும். ஜப்பானிய ஆவணங்கள் இங்கே தனிச்சுரங்கம். அந்நாட்டில் 1905இலேயே சிறு கண்டுபிடிப்புகளுக்கென்று பயன்பாட்டு மாதிரிச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. பெரிய காப்புரிமையின் உயரத்தை எட்டாத கொக்கி, மூடி, பிடிப்பு போன்ற நுணுக்கங்கள் தலைமுறை தலைமுறையாக அதில் பதிவாகியிருக்கின்றன. மொழி தெரியாதவருக்கும் அந்தப் படங்கள் கதையைச் சொல்லிவிடும்.

ஆவணங்கள் மட்டுமல்ல, கடையில் விற்ற ஏசியும் சாட்சியாகும். ஒரு பொருள் சந்தைக்கு வந்து, அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு இருந்தால், உள்ளமைப்பு முழுவதும் வெளிப்பட்டதாகவே கருதப்படும். யாராவது உண்மையில் பிரித்துப் பார்த்தார்களா, அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்ததா என்பது பொருட்டில்லை என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் உயர் மேல்முறையீட்டு அமர்வு 1992இல் தெளிவுபடுத்தியது. விண்ணப்பிக்கும் முன்பே தன் சரக்கைத் தானே விற்றுவிட்ட உற்பத்தியாளருக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்புத் தரநிலைகளும் தேடலில் வந்து நிற்கும். வீட்டு மின்கருவிகளுக்கான ஐஇசி 60335 தரநிலை, ஒயர் போகும் வழி வழவழப்பாக, கூர்விளிம்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்றும், உலோகத் துளைகள் உருட்டப்பட்டோ புஷ் போடப்பட்டோ இருக்க வேண்டும் என்றும், ஒயர் சுழலும் பாகங்களைத் தொடக் கூடாது என்றும் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதைப் படித்த பிறகு, விளிம்பை உருட்டினேன் என்று மட்டும் சொல்லி யாரும் உரிமை கேட்க முடியாது.

நம் கற்பனை வழக்கில் ஆய்வாளருக்கு இரண்டு ஆவணங்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஓர் அவுட்டோர் யூனிட். அதே தடுப்புத் தகடு, அதே வெட்டு. ஆனால் வெட்டில் ரப்பர் புஷ். ஒயர் மேலிருந்து நேராகச் சரிந்து உள்ளே போகிறது. இரண்டாவது ஒரு துவைக்கும் இயந்திரம். அதன் பின்தகட்டில் ஒரு நாக்கு வளைக்கப்பட்டிருக்கிறது. புஷ் இல்லாமல் ஒயரைத் தாங்குவதற்காகவே அப்படிச் செய்ததாக ஆவணம் சொல்கிறது. ஒயர் நழுவாமலிருக்க நாக்கின் நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது.

இரண்டில் எதுவும் தனியாக நம் விண்ணப்பத்தின் எல்லா அம்சங்களையும் காட்டவில்லை. அதனால் புதுமை என்ற முதல் சோதனை தாண்டியாயிற்று. இனிமேல்தான் கடினமான சோதனை: இது துறை தெரிந்தவருக்கு வெளிப்படையானதா, இல்லையா?

முடியுமா, செய்திருப்பாரா?

1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் கீழ் இயங்கும் அலுவலகம் இந்தச் சோதனையைப் படிப்படியாக நடத்துகிறது. முதலில் மிக நெருங்கிய முந்தைய ஆவணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வழக்கில் அது ரப்பர் புஷ் போட்ட அவுட்டோர் யூனிட். பிறகு அதற்கும் விண்ணப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டியலிட வேண்டும். அந்த வேறுபாடு என்ன பலனைத் தருகிறது என்று பார்த்து, அந்தப் பலனிலிருந்து சிக்கலை எழுத வேண்டும். கடைசியாக, அந்தச் சிக்கலோடு அந்த ஆவணத்தின் முன் உட்கார்ந்திருக்கும் துறை அறிந்த ஆள் என்ன செய்திருப்பார் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது கேள்வி அல்ல. இரும்புத் தகட்டை யாராலும் வளைக்க முடியும். உண்மையில் செய்திருப்பாரா, அப்படிச் செய்யத் தூண்டும் காரணம் அவர் முன் இருந்ததா என்பதே கேள்வி. ஐரோப்பிய மேல்முறையீட்டு அமர்வு டி 2/83 என்ற வழக்கில் 1984இல் இந்த வேறுபாட்டை நிலைநிறுத்தியது. அன்றிலிருந்து மியூனிக்கில் இது அன்றாட அளவுகோல்.

ஏன் இவ்வளவு கவனம்? விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் எளிதாகத்தான் தெரியும். ஆய்வாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத்தான் தேடத் தொடங்குகிறார். நாக்கு, பிளவு, தொங்கல் எல்லாம் அவர் மனதில் ஏற்கெனவே பதிந்துவிட்டன. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களைப் புரட்டினால், துண்டு துண்டாக எல்லாமே எங்காவது கிடைக்கும். துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து இது வெளிப்படையானது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது விண்ணப்பதாரர் கொடுத்த வரைபடத்தை வைத்தே அவரைத் தோற்கடிப்பதாகும். ஆய்வின் முறைகள் அனைத்தும் அந்த அநீதியைத் தடுக்கவே உருவாக்கப்பட்டவை.

நம் வழக்குக்குத் திரும்புவோம். ரப்பர் புஷ்ஷைத் தவிர்த்து ஒரு பாகத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எந்த உற்பத்திப் பொறியாளருக்கும் வரும். துவைக்கும் இயந்திரத்தின் ஆவணம் அதே காரணத்தைச் சொல்லி, அதே நாக்கைக் காட்டுகிறது. அவுட்டோர் யூனிட் வடிவமைப்பவர் பக்கத்துத் துறையான அதைப் பார்ப்பது இயல்பு. ஆகவே ‘தடுப்புத் தகட்டிலிருந்து வளைத்த நாக்கு’ என்று மட்டும் கேட்கும் அகலமான உரிமைக்கோரல் விழுந்துவிடும். அது விழுவதுதான் நியாயம்.

ஆனால் நுனி கீழ்நோக்கி இறங்குவதும் அதில் பிளவு இருப்பதும்? துவைக்கும் இயந்திரத்தில் நுனி நிமிர்ந்திருப்பதற்குக் காரணம் ஒயர் நழுவாமல் இருப்பது. அதைக் கீழே திருப்பினால் அந்த ஆவணம் சொன்ன நோக்கமே கெட்டுவிடும். சொட்டும் தொங்கல் எலக்ட்ரீஷியன் அறிந்த பொது அறிவுதான். ஆனால் அந்தத் தொங்கலை அவர் கையால், கவனத்தால் அமைக்கிறார். தகட்டின் வடிவமே அதைக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் பொது அறிவு வழி காட்டவில்லை. அந்தப் பிளவுதான் நழுவுதலையும் தண்ணீரையும் ஒருசேரத் தீர்க்கிறது. இந்த இரண்டு ஆவணங்கள் மட்டுமே முன்னால் இருந்தால், பிளவோடு கூடிய குறுகிய உரிமைக்கோரல் நிற்கும் என்றே நான் நினைக்கிறேன். மூன்றாவதாக, கீழ்நோக்கிய நாக்கைக் காட்டும் ஓர் ஆவணம் நாளை கிடைத்தால் முடிவும் மாறும்.

பெரும்பாலான ஒயர் விண்ணப்பங்களின் உண்மைக் கதை இப்படித்தான் போகும். அகலமாகக் கேட்டது ஆய்வில் சுருங்கி, உண்மையில் கண்டுபிடித்த அளவுக்கு வந்து நிற்கும். அந்தச் சுருக்கத்தைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. தன்னுடையது எது, எல்லோருடையது எது என்று பிரித்துக் காட்டுவதற்காகத்தான் ஆய்வே நடக்கிறது.

ஒயர் உராய்ந்த ஒரு பெரிய வழக்கு

ஒயர் போகும் வழி அற்பமான விஷயம் என்று நினைப்பவர்கள், இந்த நூற்றாண்டில் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தை மிக ஆழமாக மாற்றிய தீர்ப்பைப் படிக்க வேண்டும். 2007 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்த கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கின் மையத்தில் ஓர் ஒயர் உராய்வு இருந்தது.

வழக்கு கார் ஆக்சிலரேட்டர் பெடலைப் பற்றியது. ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பெடல்; அதில், அழுத்தத்தை மின்சமிக்ஞையாக மாற்றும் சென்சார். டெலிஃபிளெக்ஸ் வைத்திருந்த காப்புரிமை, சென்சாரை நகராத அச்சில் பொருத்தச் சொன்னது. நகரும் பெடலின் மிதிபகுதியிலேயே சென்சாரை வைத்த பழைய வடிவம் ஒன்று இருந்தது. பெடலை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒயர் உராய்ந்து தேய்வது அதன் அறியப்பட்ட குறை. இன்னொரு பழைய ஆவணம், ஒயர் தேயாமலிருக்கச் சென்சாரை அசையாத பாகத்தில் வையுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. அசையாத அச்சோடு கூடிய நகர்த்தும் பெடலும் ஏற்கெனவே இருந்தது.

கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தத் துண்டுகளைச் சேர்க்கச் சொல்லும் துல்லியமான குறிப்பு பழைய ஆவணங்களில் வேண்டும் என்று கறாராகக் கேட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துறையில் சாதாரணத் திறமை உள்ளவரும் சாதாரண அளவில் படைப்பாற்றல் உள்ளவரே. அவரை ஒரு தானியங்கி இயந்திரமாக எண்ணக் கூடாது என்றது. ஒயர் தேய்கிறது என்று தெரிந்த ஒரு பொறியாளர் அசையாத இடத்தைத் தேடிப் போவார். நகர்த்தும் பெடலில் அந்த இடம் அச்சுதான். ஆகவே அந்த உரிமைக்கோரல் செல்லாது.

மியூனிக்கின் கேள்வியும் வாஷிங்டனின் பதிலும் வேறு வேறு சட்டங்களிலிருந்து வந்தவை. ஆனால் இரண்டும் ஒரே ஆளைத்தான் தேடுகின்றன: தொழிலில் கைதேர்ந்த, வெளியாகியிருக்கும் எல்லாவற்றையும் அறிந்த, ஆனால் மேதையல்லாத ஒருவரை. அவரை மிகவும் மந்தமாகக் கற்பனை செய்தால் எல்லாவற்றுக்கும் காப்புரிமை கிடைக்கும். பட்டறைகள் மூச்சு விட முடியாது. மிகவும் கெட்டிக்காரராகக் கற்பனை செய்தால் எதற்கும் கிடைக்காது. இரவு பகலாக யோசித்தவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மிர்சாபூரும் கிண்டியும்

நம் நாட்டில் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் 1978இல் சந்தித்தது. பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரம் கடையும் தொழிலிலிருந்து வந்தது. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை இருந்தது. பட்டறையில் இயல்பாக நடக்கும் மேம்பாட்டைவிட ஒருபடி மேலே இருந்தால்தான் அது கண்டுபிடிப்பு என்று கூறி, நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை ஏற்க மறுத்தது. பட்டறைத் தொழிலாளியின் அன்றாடத் திறமையைப் பொதுச்சொத்தாக மதித்த தீர்ப்பு அது.

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 3(எஃப்) என்றொரு பிரிவு இருக்கிறது. அறிந்த கருவிகளை வெறுமனே வரிசைப்படுத்துவது, மாற்றி வைப்பது, இரட்டிப்பது, அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தத்தம் வேலையைத் தெரிந்த விதத்தில் செய்துகொண்டிருந்தால், கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. ஒயர் அமைப்பு விண்ணப்பங்கள் எல்லாம் நேராக இந்தப் பிரிவின் வாசலுக்குத்தான் வரும். புஷ் ஒரு வேலை, கொக்கி ஒரு வேலை, மூடி ஒரு வேலை என்று பிரிந்து கிடந்தால் வாசலிலேயே நின்றுவிடும். ஒன்றின் வேலை இன்னொன்றால் மாறுகிறது, இரண்டும் சேர்ந்தால்தான் பலன் வருகிறது என்று காட்ட முடிந்தால் உள்ளே போகலாம். நம் நாக்கும் பிளவும் அந்த வகை. பிளவு இல்லாவிட்டால் கீழ்நோக்கிய நாக்கில் ஒயர் நிற்காது. நாக்கு கீழ்நோக்கி இல்லாவிட்டால் பிளவால் தொங்கல் அமையாது.

தமிழ்நாட்டிலிருந்தோ அண்டைத் தென் மாநிலங்களிலிருந்தோ ஒருவர் விண்ணப்பித்தால் அது சேரும் இடம் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். அங்கே ஒரு விண்ணப்பம் வெளிப்படையானது என்று நிராகரிக்கப்பட வேண்டுமானால், முந்தைய ஆவணம் என்ன சொல்கிறது, விண்ணப்பம் என்ன சொல்கிறது, துறை அறிந்தவருக்கு இது எவ்வாறு வெளிப்படை என்ற மூன்றையும் ஆணையில் விளக்கியாக வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் அக்ரிபோர்டு வழக்கில் கூறியது. சின்ன விஷயம்தானே என்று ஒரே வரியில் தள்ளிவிட இடமில்லை. சிறு கண்டுபிடிப்பாளர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பாதுகாப்பு.

வளையும் பொருளை எழுதுவது

ஒயர் விண்ணப்பங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒயருக்கு நிலையான வடிவம் இல்லை. ‘ஒயர் பிளவுக்குக் கீழே தொங்குகிறது’ என்று உரிமைக்கோரலில் எழுதினால், ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் தயாரான இரண்டு ஏசிகளில் ஒன்று அதற்குள் அடங்கும், மற்றது அடங்காமல் போகும். எது அத்துமீறல், எது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒயரின் பாதையை விட்டுவிட்டு, அந்தப் பாதையைக் கட்டாயமாக்கும் கெட்டியான பாகங்களை எழுதுகிறார்கள். கொக்கி எந்த உயரத்தில், பிளவு எந்தப் பக்கம் திறந்து, வெட்டின் அடி எதற்கு மேலே என்று எழுதினால் ஒயர் தானாக வரையறைக்குள் வந்துவிடும்.

இன்னொரு குழி படங்களில் இருக்கிறது. காப்புரிமைப் படங்கள் பெரும்பாலும் அளவுக்கு வரைந்தவை அல்ல. படத்தில் ஒயர் சூடான குழாயிலிருந்து விலகிப் போவது போலத் தெரிகிறது என்பதற்காக, விலகல்தான் என் கண்டுபிடிப்பு என்று பிறகு சொல்லிவிட முடியாது. முதல்நாள் கொடுத்த ஆவணத்தில் இல்லாத எதையும் பின்னால் சேர்க்க ஐரோப்பிய உடன்படிக்கையின் 123ஆம் விதி இடம் கொடுப்பதில்லை. இந்தியச் சட்டத்தின் 59ஆம் பிரிவும் அப்படியே. ஆய்வாளர் நெருக்கும்போது ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்றால், அந்த இடத்தை முதல்நாளே எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஏசி பாகங்களை இந்தியாவிலேயே தயாரிக்க 2021 ஏப்ரலில் மத்திய அரசு அனுமதித்த ஊக்கத் திட்டத்தின் மதிப்பு, எல்இடி விளக்குகளையும் சேர்த்து, 6,238 கோடி ரூபாய். தகடு வெட்டுவதும் ஒயர் கட்டுவதும் இங்கே நடந்தால், அந்தத் தகட்டையும் ஒயரையும் பற்றிய யோசனைகளும் இங்கேயே பிறக்கும். எங்கள் 45 டிகிரி வெயிலையும் பருவமழையையும் கடற்கரை உப்புக்காற்றையும் நேரில் பார்த்தவருக்குத் தோன்றும் தீர்வு, வேறோர் ஊரின் வடிவமைப்பாளருக்குத் தோன்றாமலே போகலாம். அப்படித் தோன்றுவதை எழுதிவைக்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவாக இருக்கிறது.

பொறியியல் மாணவர்களுக்கும் சிறு தொழில் நடத்துபவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். தீர்வு கிடைத்தவுடன் அதை மட்டும் வரையாதீர்கள். எது கெட்டுக்கொண்டிருந்தது, மற்றவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள், அந்த வழியில் எது போதவில்லை, நீங்கள் வைத்த ஒவ்வொரு வளைவும் என்ன வேலை செய்கிறது, ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்று என்ன ஆகிறது என்று சோதித்து, தேதியோடு எழுதுங்கள். சரக்கை விற்கும் முன்பே விண்ணப்பியுங்கள். துறை தெரிந்த ஒருவர் இதைச் செய்திருப்பாரா என்று ஆய்வாளர் கேட்கும்போது, அவரிடம் இருப்பது உங்கள் தாள்கள் மட்டுமே. உங்கள் தீர்வு எளிதாகத் தெரிவதில் தவறில்லை. அது எளிதாவதற்கு முன்னால் அந்தச் சிக்கல் எவ்வளவு முரண்டு பிடித்தது என்பது அந்தத் தாள்களில் இருந்தால், ஒரு ஒயரின் வளைவுக்கும் நியாயம் கிடைக்கும்.